துருவைத் துடைக்காதீர்கள்: பழைய ஜப்பானிய வாள் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தா காலத்திலிருந்து பரணில் கிடந்த ஜப்பானிய வாள் ஒன்றைப் பழந்துணியிலிருந்து பிரித்து மேசைமேல் வைத்தார். ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளம். ஜப்பானியர் வாகிஸாஷி என்று சொல்லும் குட்டை வாள். “ஒரே துருவா இருந்துச்சுண்ணே. ரெண்டு நாள் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். பிடிக்குள்ள இருக்கிற பகுதிகூடப் பளபளன்னு ஆயிடுச்சு, பாருங்க” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்குப் பேச்சு எழவில்லை.

வாளின் உடல்பகுதி கெட்டிருந்தால் முறையாகப் பயின்ற ஒருவர் ஓரளவு மீட்டுவிடலாம். பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியைத் தேய்த்துவிட்டால் மீட்பே கிடையாது. அதற்கு நக்காகோ என்று பெயர். வாளைச் செய்து முடித்த கொல்லர் அந்தப் பகுதியை மட்டும் மெருகேற்றாமல், அரத்தால் ஒரு குறிப்பிட்ட சாய்வில் கீறி, உளியால் தன் பெயரை வெட்டி, அப்படியே விட்டுவிடுவார். அன்றிலிருந்து அங்கே துரு ஏறத் தொடங்குகிறது. நானூறு ஐந்நூறு ஆண்டு கழித்து அது சாதாரணத் துருவாக இருக்காது. கருமை படிந்து, வழவழப்பாக, பழைய இரும்புச் சட்டியின் அடிபோல ஓர் ஆழமான நிறத்துக்கு வந்திருக்கும். விரல் வைத்தால் ஒட்டாது, உதிராது.

வாளின் வயதைக் கணிப்பவர்கள் முதலில் பார்ப்பது இந்தத் துருவைத்தான். வெட்டிய எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் வெளியிலும் துரு ஒரே நிறமா? உளி தள்ளிய இடத்தில் எழும் மெல்லிய விளிம்பு காலத்தால் மழுங்கியிருக்கிறதா, இல்லை இன்னும் கூராக நிற்கிறதா? அரக் கீறல்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன? ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு பழக்கம் உண்டு. பெயர் போலியா என்பதற்குச் சாட்சி இவையெல்லாம்தான். நண்பர் இரண்டு நாளில் அந்தச் சாட்சியைத் துடைத்துவிட்டார். விற்பனை மதிப்பும் அதோடு போயிற்று. ஆனால் எனக்கு வலித்தது விலையல்ல. அந்த வாள் தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒரே வாக்குமூலம் அழிந்துபோனதுதான்.

இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அவசரத்தில் பிறப்பவை. சுத்தம் செய்ய அவசரம், வாங்க அவசரம், சொன்ன பெயரை நம்ப அவசரம். அதனால் வரிசை போடாமல், எனக்கு எது முக்கியமாகப் படுகிறதோ அதை நீளமாகச் சொல்கிறேன்.

பெயரை வாங்காதீர்கள்

புதிதாக வருபவர்களை வீழ்த்துவது பெயர்தான். மாசமுனே என்ற பெயரைக் கேட்டதும் கை நடுங்கிப் பணத்தை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மாசமுனே 1300ஐ ஒட்டிய காலத்தில் காமாகுராவில் வாழ்ந்த மாபெரும் கொல்லர். ஆனால் அவர் பெயர் வெட்டிய, ஐயத்துக்கு இடமில்லாத வாள்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அவருடையதாக ஏற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பெயர் இல்லாதவை. ஆகவே, பெயர் பெரிதாக வெட்டப்பட்ட ‘மாசமுனே’ ஒன்று இணைய ஏலத்தில் வந்தால், அந்தப் பெயரே அதற்கு எதிரான முதல் சாட்சி.

எடோ நகரில் (இன்றைய தோக்கியோ) 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகசோனே கொட்டெட்சு கவசம் செய்யும் தொழிலிலிருந்து வாள் செய்ய வந்தவர். ‘கொட்டெட்சுவைக் கண்டால் போலி என்றே நினை’ என்று ஜப்பானில் ஒரு பேச்சு உண்டு. சாமுராய் ஆட்சியின் கடைசிக் காலத்தில் கியோத்தோவைக் காவல் காத்த ஷின்செங்குமி படையின் தலைவர் கொண்டோ இசாமி தன் வாள் கொட்டெட்சு என்று பெருமையோடு சொன்னவர். அது உண்மைதானா என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை. வாளோடு வாழ்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், கைப்பேசித் திரையில் ஐந்து படம் பார்த்து முடிவெடுக்கும் நம் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

போலிப் பெயர் வெட்டுவது இன்று தொடங்கிய ஏமாற்று அல்ல. பிரபுக்கள் ஒருவருக்கொருவர் வாளைப் பரிசாகக் கொடுத்த காலம், 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையான எடோ காலம். பரிசுக்குப் பெயர் தேவைப்பட்டது. பெயரில்லாத நல்ல வாளில் பெரிய பெயரை வெட்டினார்கள். சுமாரான கொல்லரின் பெயரை அழித்துவிட்டுப் பெரியவர் பெயரைப் போட்டார்கள். அந்தப் பொய்க்கும் இப்போது இருநூறு முந்நூறு வயதாகி, அதன்மேலும் நல்ல துரு ஏறியிருக்கிறது. துருவை மட்டும் நம்பவும் முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். பெயரை மூடிவிட்டு இரும்பைப் பார்த்து, இது இன்ன காலம், இன்ன ஊர், இன்ன பட்டறை என்று சொல்லக் கற்பதுதான் கந்தேய் என்ற கலை. அதன் பிறகுதான் பெயரைத் திறந்து பார்க்க வேண்டும்.

பெயர் உண்மையாகவே இருந்தாலும் இன்னொரு கண்ணி உண்டு. ஒகயாமாப் பகுதியில் இருக்கும் ஒசாஃபுனே ஒரு காலத்தில் ஜப்பானின் மிகப் பெரிய வாள் ஊர். அங்கே சுகேசாதா என்ற பெயரில் ஒருவரல்ல, பல பத்துப் பேர் வேலை செய்தார்கள். உள்நாட்டுப் போர்கள் ஓயாத 15, 16ஆம் நூற்றாண்டுகளில் படைக்குத் தேவையான வாள்களைக் கட்டுக் கட்டாக அடித்துத் தள்ளினார்கள். அவற்றில் ‘பிஷு ஒசாஃபுனே சுகேசாதா’ என்று சுருக்கமாக வெட்டியிருப்பார்கள். பிஷு என்பது பிசென் மாகாணத்தின் சுருக்கப் பெயர். ஒரு பிரபு தனக்கென்று சொல்லிச் செய்த வாளில் மாகாணப் பெயர் முழுதாக வரும், ஊர் வரும், கொல்லரின் சொந்தப் பெயரான யோசோசாயெமோன் போன்றதும் சேர்ந்து வரும். இரண்டும் ‘அசல் சுகேசாதா’ என்ற ஒரே தலைப்பில் விற்பனைக்கு வரும். இரண்டின் தரத்துக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். அதுவே ஒரு நல்ல தொடக்கம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பெயர் இல்லையென்றால் மதிப்பில்லை என்று ஒதுக்குவது. பழைய நீள வாள்களைப் பிற்காலத்தில் இடுப்பில் செருகும் அளவுக்குக் குறைத்தபோது பிடிப்பக்கத்திலிருந்துதான் வெட்டினார்கள். கொல்லரின் பெயர் வெட்டுப்பட்ட துண்டோடு போய்விட்டது. அப்படியும் இல்லாமல், முதலிலிருந்தே பெயர் போடப்படாத வாள்களும் உண்டு. 2020இல் ஒகயாமாவின் செத்தோஉச்சி நகராட்சி, ஊருலகத்திடம் நன்கொடை திரட்டி, 50 கோடி யென் கொடுத்து ஒரு தேசியப் பொக்கிஷ வாளை வாங்கியது. 16ஆம் நூற்றாண்டுப் போர்ப்பிரபு உயேசுகி கென்ஷின் வைத்திருந்த சன்சோமோ என்ற வாள் அது. அதில் கொல்லர் பெயர் கிடையாது.

காகிதத்தைச் சரியாகப் படியுங்கள்

‘ஜப்பான் அரசுச் சான்றிதழ் உண்டு’ என்று விற்பவர் ஒரு தாளைக் காட்டுவார். பெரும்பாலும் அது தோரோகுஷோ. அந்தந்த மாகாணக் கல்வி வாரியம் கொடுக்கும் பதிவுச் சீட்டு. நீளம், வளைவு, பிடியில் ஆணித்துளை எத்தனை, எழுத்து என்ன என்று குறித்திருக்கும். இந்தப் பொருள் ஜப்பானில் சட்டப்படி இருக்கலாம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. வெட்டியிருக்கும் பெயர் போலியாக இருந்தாலும் அதே பெயரைத்தான் அதில் எழுதியிருப்பார்கள். நம் வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் போல. வண்டி நல்ல வண்டியா என்று ஆர்.சி. சொல்லுமா? தவிர, வாள் ஜப்பானை விட்டு வெளியேறும்போது இந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏற்றுமதி அனுமதி பெற வேண்டும். ஆக, வெளிநாட்டில் இருக்கும் ஒரு வாளோடு அசல் பதிவுச் சீட்டும் வந்தால், பெருமைப்படாமல் ‘இது எப்படி வெளியே வந்தது?’ என்று கேளுங்கள்.

மதிப்பீட்டுச் சான்று வேறு. 1948இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் நிபுணர் குழுவை வைத்துப் பார்த்து ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ என்று நான்கு படிகளில் சான்று தருகிறது. முதற்படியான ஹோசோன் கிடைத்தாலே அந்த வாளின் பெயர் ஏற்கப்பட்டது, உயிர்போகும் குறை இல்லை என்று பொருள். முதல் இரண்டு படிகளும் 1982இல் வந்தவை. அதற்கு முன் தந்த பழைய கிச்சோ சான்றுகளைச் சந்தை அதே அளவுக்கு நம்புவதில்லை. பெரிய பெயருக்குப் பழைய சான்று மட்டும் இருந்தால், ‘ஏன் யாரும் இதைப் புதிய முறையில் மறுபடி கொடுத்துப் பார்க்கவில்லை?’ என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஒரு சின்னச் செய்தி. காகிதம் மடிக்கும் கலை என்று நாம் அறிந்த ‘ஒரிகாமி’ என்ற சொல்லுக்கு, வாள் உலகில் மடித்த மதிப்பீட்டுத் தாள் என்று பொருள். வாள் மதிப்பீட்டையே தொழிலாகக் கொண்ட ஹொன்’ஆமி குடும்பம் தலைமுறை தலைமுறையாக எழுதித் தந்த தாள்கள் அவை. ‘ஒரிகாமி உள்ளது’ என்றால் உறுதியானது, நம்பத்தக்கது என்ற பொருளில் ஜப்பானியர் பேச்சில் இன்றும் சொல்கிறார்கள்.

இரும்பில் என்ன பார்ப்பது

நம்மூர்க் கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஜப்பானியக் கொல்லர் வாளின் முதுகில் தடிப்பாகவும் வெட்டும் வாய்ப்பக்கத்தில் மெல்லியதாகவும் களிமண் பூசி, சிவக்கக் காய்ச்சி நீரில் முக்குவார். மெல்லிய பூச்சு உள்ள வாய்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகும். தடித்த பூச்சுக்குள் இருக்கும் முதுகு மெதுவாகக் குளிர்ந்து நெகிழ்வோடு நிற்கும். இரண்டும் சந்திக்கும் கோடுதான் ஹாமோன். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒற்றை பல்பு வெளிச்சத்தில் வாளைச் சாய்த்துப் பிடித்தால், அந்தக் கோட்டை ஒட்டி மின்னும் மணிகள் தெரியும். சில வாள்களில் வறுத்த ரவையைத் தூவியதுபோல் தனித்தனியாக, சிலவற்றில் மார்கழிப் பனிபோல் ஒன்றாகக் கலந்து. முதல் வகைக்கு நியே, இரண்டாம் வகைக்கு நியோய்.

அமிலம் ஊற்றி வரைந்த போலிக் கோட்டில் இது இருக்காது. வெளிறிய ஒரு பட்டை மட்டும், எந்தக் கோணத்தில் திருப்பினாலும் ஒரே மாதிரி, உயிரில்லாமல் தெரியும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால்தான் படம் பார்த்து வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

குறைகளில் மன்னிக்கக் கூடியவையும் உண்டு, கூடாதவையும் உண்டு. மடித்து அடித்த இரும்பில் சிறு பிளவு, கொப்புளம் இருப்பது பழைய வாளுக்கு இயல்பு. ஹகிரே அப்படியல்ல. வாயிலிருந்து மேல்நோக்கிச் செங்குத்தாக ஓடும் மயிரிழை வெடிப்பு அது. விளக்கொளியில் உற்றுப் பார்த்தால் ஒரு தலைமுடி ஒட்டியிருப்பதாகத் தோன்றும். துடைத்தால் போகாது. அந்த வாள் முடிந்தது. எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடக்கத்தில் இருப்பவர்கள் அதை வாங்கவே கூடாது.

தீயில் சிக்கித் தோய்ச்சல் போன வாள்களும் உண்டு. 1615இல் ஒசாகா கோட்டை எரிந்தபோது தொயொதொமி குடும்பத்தின் புகழ்பெற்ற வாள்கள் பல அதில் கருகின. போரில் வென்ற தொகுகாவா இயேயாசுவின் ஆணைப்படி எச்சிசென் யாசுத்சுகு என்ற கொல்லர் அவற்றுக்கு மறுபடி தோய்ச்சல் கொடுத்தார். அந்த வரலாற்று வாள்கள் போற்றப்படுகின்றன. பெயர் தெரியாத வாளுக்கு மறுதோய்ச்சல் கொடுத்திருந்தால் அது குறைதான். இந்த யாசுத்சுகு தன் வாள்கள் பலவற்றில் ‘நன்பன் இரும்பால் செய்தது’ என்று வெட்டியவர். நன்பன் என்றால் கடல்கடந்து தெற்கிலிருந்து வந்தது என்று பொருள். அந்த இரும்பில் தென்னிந்திய உருக்கும் இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அந்த எழுத்தைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் சிலிர்க்கும்.

மெருகு விஷயத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சாணைக்காரரிடமோ, பஃபிங் மெஷின் வைத்திருப்பவரிடமோ, சமையல் கத்தி தீட்டுபவரிடமோ கொடுக்காதீர்கள். நீங்களே கல்லை எடுத்து உட்காராதீர்கள். தொகிஷி எனப்படும் மெருகுக் கலைஞர் பத்து ஆண்டு அளவுக்குக் குருவிடம் இருந்து கற்றவர். கரடான கல்லில் தொடங்கி, கடைசியில் கட்டைவிரல் நுனியில் வைக்கும் காகிதக் கனமான கற்சில்லு வரை போவார். ஒவ்வொரு மெருகிலும் கொஞ்சம் இரும்பு போகிறது. பலமுறை மெருகேறிய வாளில் மேல்தோல் தேய்ந்து உள்ளிருக்கும் மென்மையான இரும்பு எட்டிப் பார்க்கும். ‘களைத்த வாள்’ என்பார்கள். மெருகுச் செலவு வாளின் விலையைத் தாண்டுவதும் சாதாரணம். ஆகவே ‘மலிவாக வாங்கி மெருகு போட்டுக்கொள்ளலாம்’ என்ற கணக்கு அநேகமாக எப்போதும் தப்பும்.

எண்ணெயும் உறையும்

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஜப்பானில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை எண்ணெய் மாற்றினால் போதும் என்பார்கள். நம் உப்புக் காற்றில் மாதம் ஒருமுறையாவது உறையை விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். விரல்பட்ட இடத்தில் மறு மாதம் விரல் ரேகையே துருவாகப் பதிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வாளின் உடலை வெறும் கையால் தொடாதீர்கள். வாளுக்கு மேலே குனிந்து பேசவும் வேண்டாம். எச்சில் துளி போதும்.

எண்ணெய் என்றதும் வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயைத் தடவுகிறார்கள். அது சிக்குப் பிடித்து, காறி, பிசினாக ஒட்டும். இன்னொரு தவறு இதைவிட விநோதமானது. வாளுக்குப் பூசுவது சோஜி எண்ணெய், சோஜி என்றால் கிராம்பு என்று படித்துவிட்டு, மருந்துக் கடையில் பல்வலிக்கு வாங்கும் கிராம்புத் தைலத்தைப் பூசியவர்கள் உண்டு. சோஜி எண்ணெயில் பெரும்பகுதி வேறு மெல்லிய எண்ணெய். கிராம்பு வாசனைக்குக் கொஞ்சம்தான். வாசனையே இல்லாத தூய்மையான மினரல் எண்ணெயும் மென்மையான துணியும் போதும். எண்ணெய் வழியக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக இருந்தால் சரி. படங்களில் தட்டித் தட்டிப் போடுவார்களே அந்த உச்சிகோ பொடி, அதில் மட்டமானது நுண்ணிய கீறல் விழ வைக்கும். நல்ல மெருகில் இருக்கும் வாளுக்கு நான் அதைத் தொடுவதில்லை.

நீண்ட நாள் வைப்பதற்கு அலங்கார உறை வேண்டாம். ஷிராசாயா எனப்படும் வெள்ளை மர உறைதான் வாளின் வீடு. ஹோனோக்கி மரத்தை இரண்டு பாதியாகக் குடைந்து, சோற்றை மசித்த பசையால் ஒட்டியிருப்பார்கள். பட்டம் ஒட்ட நாம் தேய்த்த அதே சோற்றுப் பசை. ஏன் அவ்வளவு பலவீனமான பசை? உள்ளே அழுக்கோ துருவோ சேர்ந்தால் மரம் உடையாமல் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி ஒட்ட வேண்டும் என்பதற்காக. அதைப் பார்த்து ‘ஒட்டு விடுகிறது’ என்று ஃபெவிக்கால் போட்டு இறுக்கிவிடாதீர்கள். பிடியில் இருக்கும் மூங்கில் ஆணி காணாமல் போனால் இரும்பு ஆணியை அடிப்பதும் அப்படித்தான். மூங்கிலை மூங்கிலால் மட்டுமே மாற்ற வேண்டும். அந்த ஆணி சரியாக இல்லாமல் வாளை வீசிப் பார்க்கவே கூடாது. அலகு பிடியிலிருந்து கழன்று பறக்கும்.

ட்சுபாவும் மற்ற அணிகளும்

வாள் வாங்க வசதியில்லாதவர்கள், அல்லது வீட்டில் ஆயுதம் வேண்டாம் என்பவர்கள் ட்சுபாவிலிருந்து தொடங்குகிறார்கள். கையையும் அலகையும் பிரிக்கும் அந்தத் தட்டு, உள்ளங்கை அளவில் ஒரு முழு உலகம். இரும்பில் கொக்கு, மழை, பைன் மரம், சிலந்தி வலை எல்லாம் உண்டு. நல்ல முடிவுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன், முதல் ட்சுபாவிலேயே ஏமாந்தும் போனேன்.

விற்றவர் யாரென்பது இப்போது முக்கியமில்லை. படத்தில் டிராகன் ஒன்று மேகத்தில் புரண்டுகொண்டிருந்தது. கைக்கு வந்ததும் ஏதோ உறுத்தியது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். செதில்களின் விளிம்பு உளி வெட்டின கூர்மையில் இல்லை, சோப்பு கரைந்ததுபோல் மழுங்கியிருந்தது. பள்ளங்களில் ஊசிமுனைத் துளைகள். நடுவில் அலகு நுழையும் துளையின் உட்சுவரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடியது. அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடம். வார்ப்பு! உண்மையிலேயே வாளில் இருந்த ட்சுபாவில் அந்த நடுத்துளையின் ஓரத்தில் உளியால் தட்டிய தழும்புகள், அலகுக்கு இறுக்கம் கொடுக்கச் செருகிய செம்புத் துண்டுகள் பெரும்பாலும் இருக்கும். பொருத்தி, கழற்றி, வேறு வாளுக்கு மாற்றிய வாழ்க்கை அந்தத் துளையில்தான் தெரியும். அலங்காரத்தைப் பார்ப்பதற்கு முன் துளையைப் பாருங்கள். பெயர் விஷயத்தில் இங்கேயும் அதே கதைதான். நொபுயியே, கானெயியே, ஹிகோனே ஊரின் சோதென் ஆகிய பெயர்கள் வெட்டிய ட்சுபாக்களில் அசல் மிகக் கொஞ்சம்.

அடுத்தது நம் சமையலறைப் பழக்கம். பித்தளைக் குத்துவிளக்கையும் செம்புக் குடத்தையும் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை நமக்கு. ஷகுடோ என்ற கலவையைப் பார்த்தால் அது கறுத்துப்போன செம்பாகத்தான் தோன்றும். உண்மையில் அது செம்போடு சில சதவீதம் தங்கம் சேர்த்த உலோகம். முள்ளங்கிச் சாறு தடவி, செம்புக் களிம்பு கரைத்த நீரில் கொதிக்க வைத்து அந்தக் கருநீலத்தை வரவழைத்திருப்பார்கள். மைனாவின் இறகு வெயிலில் மின்னுவதுபோல ஒரு கறுப்பு. புளியோ பிராஸோவோ பட்டால் ஒரு நிமிடத்தில் அது போய்ச் செம்பு பல்லிளிக்கும். வெள்ளி கலந்த ஷிபுஇச்சியின் சாம்பல் நிறமும் அப்படியே. உலர்ந்த மென்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். இரும்பு ட்சுபாவில் செந்துரு பொடிப்பொடியாக இருந்தால், கூராக்கிய எலும்பு அல்லது மான்கொம்புத் துண்டால் அந்தப் புள்ளியை மட்டும் பொறுமையாகச் சுரண்டுவார்கள். கீழே இருக்கும் கறுப்பைத் தொடாமல், நாள்கணக்கில்.

செதுக்கிய எலும்பு உறையில் மனிதர்களும் யானைகளும் நெருக்கியடிக்கும் குட்டை வாள்களைப் பழம்பொருள் கடைகளில் ‘சாமுராய் வாள்’ என்று விற்கிறார்கள். 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. வாளணி செய்தவர்களின் பிழைப்பு போயிற்று. மிகச் சிறந்தவரான கானோ நத்சுவோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அரசின் புதிய நாணயங்களுக்கு வடிவம் செதுக்கியிருந்தார். பலர் வெளிநாட்டுக்காரர்களுக்காகப் பூச்சாடிகளும் அலங்காரப் பொருள்களும் செய்தார்கள். அந்த எலும்பு வாள்கள் இந்த ஏற்றுமதிக் காலத்துச் சரக்கு. உள்ளே இருக்கும் அலகு பெரும்பாலும் தோய்ச்சல் இல்லாத வெறும் இரும்பு. செதுக்கு வேலை பிடித்திருந்தால் அதற்கான விலை கொடுத்து வாங்குங்கள், வாளின் விலை கொடுக்காதீர்கள். அதே மூச்சில் இன்னொன்று: எலும்பா தந்தமா என்று தெரியாமல் எல்லை தாண்டி வரவழைக்காதீர்கள். இந்தியாவில் தந்த வணிகத்துக்கு முழுத் தடை உண்டு.

பழைய பிடியின் நூல் நைந்திருக்கிறது என்று பிரித்துப் புதுநூல் கட்டுவதையும் யோசித்துச் செய்யுங்கள். அந்த நூலுக்கடியில் வெள்ளை மணிகள் பதித்ததுபோல் தெரிவது திருக்கை மீன் தோல். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்து ஜப்பானுக்கு ஏற்றிய சரக்குகளில் கோடு போட்ட பருத்தித் துணியோடு திருக்கைத் தோலும் இருந்தது. அந்தக் கோட்டுத் துணிக்கு ஜப்பானில் ‘சந்தோமே’ என்றே பெயர். நம் சாந்தோம்தான்!

போர்க்கால வாள்கள்

மலேசியா, சிங்கப்பூர், பர்மா எல்லையோர ஊர்களில் கிடைக்கும் ஜப்பானிய வாள்களில் பல, இரண்டாம் உலகப் போரில் அதிகாரிகள் கட்டியிருந்த குன்தோ எனும் ராணுவ வாள்கள். அவற்றை எல்லாம் ஒரே தரமாக நினைப்பது தவறு. பட்டறையில் தொகுதியாகச் செய்து எண்ணெயில் தோய்த்தவை பல. அவற்றின் நக்காகோவில் சிறு முத்திரை குத்தியிருக்கும். குடும்பத்தில் வழிவழியாக வந்த பழைய அலகை ராணுவ உறையில் மாட்டிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். ஆகவே உறையைப் பார்த்து ஒதுக்காதீர்கள், அதேபோல உறையைத் தூக்கி எறியவும் செய்யாதீர்கள். தொகுதியாகச் செய்தவற்றை ஜப்பானில் பதிவு செய்ய முடியாது. மெருகுக்கென்று அங்கே அனுப்பினால் திரும்பி வராமல் போகலாம். 1935ஆம் ஆண்டு மாதிரியான சார்ஜென்ட் வாளில் அலகில் எண் பொறித்திருக்கும், பிடி நூல் சுற்றியதுபோல் வார்த்த உலோகம். அதன் போலிகள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. உறையிலும் அலகிலும் எண் ஒன்றா என்று பாருங்கள்.

‘இந்த வாள் இத்தனை பேரை வெட்டியது’ என்று சொல்லி விலை ஏற்றுபவரிடம் வாங்காதீர்கள். அப்படிச் சொல்வதை நிரூபிக்க வழியில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதே போரில் ஜப்பானிய ராணுவம் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் செத்த தோட்டத் தொழிலாளத் தமிழரின் பேரப்பிள்ளைகள் இதே ஊர்களில் நம்மோடு இருக்கிறார்கள். அந்தக் கதை விலைப்பட்டியலில் வரக்கூடாது. பிடியில் மரத்துண்டோ துணிப்பட்டையோ கட்டி ஜப்பானிய எழுத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அறுத்து எறியாதீர்கள். சரணடைந்தபோது வாளுக்குரியவர் தன் பெயரையும் ஊரையும் எழுதிக் கட்டியதாக இருக்கலாம்.

வாங்குவதற்கு முன் சட்டம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வாளும் வரும், உங்கள் மாவட்டத்தில் உரிமம் தேவையா என்று காவல்துறையிடமும், இறக்குமதிக்குச் சுங்கத்துறையிடமும் எழுத்தில் கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். நூறு ஆண்டு கடந்த பொருள் ஒருமுறை நாட்டுக்குள் வந்துவிட்டால், மெருகுக்காக ஜப்பானுக்குத் திருப்பி அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். இது பலருக்குத் தெரிவதே இல்லை. பிரிட்டனில் 50 செ.மீ.க்கு மேற்பட்ட வளைந்த வாள்களுக்கு 2008 முதல் தடை உண்டு, 1954க்கு முந்தியதும் மரபு முறையில் கையால் செய்ததும் விலக்கு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதி.

முதல் வாள் எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: பெரிய பெயர் வேண்டாம், நீள வாளும் வேண்டாம். நல்ல மெருகில், ஹோசோன் சான்றோடு இருக்கும் ஒரு வாகிஸாஷி. அதற்கும் முன்பு தோக்கியோவில் ர்யோகொகு பகுதியில் இருக்கும் வாள் அருங்காட்சியகத்துக்கோ ஒசாஃபுனேவுக்கோ போக முடிந்தால் போய், ஒரே வாளின் முன் அரைமணி நேரம் நில்லுங்கள். முழங்காலை மடக்கிக் கண்ணை விளக்கின் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ரவை மணிகள் அப்போதுதான் தெரியும்.

ஈப்போ நண்பர் இப்போது அந்த வாளுக்கு எண்ணெய் பூசி வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். நக்காகோவில் மட்டும் எண்ணெய் பூச வேண்டாம், உப்புத்தாளையும் கொண்டுபோகாதீர்கள், அப்படியே விடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். போன முறை அனுப்பிய படத்தில் அங்கே மெல்லிய பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது.